தேய்ந்த காசின் எழுத்துகள் படத்தில் தெளிவாகத் தெரிய
தேய்ந்த செப்புக் காசைப் படமெடுக்கும்போது ஃபிளாஷை அணைத்துவிட்டு, மேசை விளக்கைக் காசின் ஒரு பக்கத்தில், ஏறத்தாழ அதன் மட்டத்துக்கே தாழ்த்தி வையுங்கள்; கேமராவைப் புத்தக அடுக்கின் விளிம்பில் அசையாமல் அமர்த்தி, மிக அருகிலிருந்து எடுப்பதற்கான, பூப் படம் போட்ட மேக்ரோ நிலையில், 2 நொடி டைமரில் எடுத்தால், விலை குறைந்த சிறு கேமராவே போதும். நேராக விழும் ஃபிளாஷ் மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாக வெளுக்கச் செய்துவிடுகிறது. சாய்ந்து வரும் ஒளியோ ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழலைத் தருவதால், ராஜராஜ சோழன் காசில் அமர்ந்த உருவத்தின் அருகே மங்கிக் கிடக்கும் 'ஸ்ரீ ராஜராஜ' என்னும் நாகரி எழுத்துகள்கூடப் படிக்கும்படி எழுந்து நிற்கும். இதற்காகக் காசைப் புளி போட்டுத் தேய்க்கவே வேண்டாம். பழைய மேற்பரப்பு போனால் திரும்ப வராது. பளபளப்பான புதுக் காசுக்கு இம்முறை பொருந்தாது, ஏனெனில் கீறல்களே முன்னால் தெரியும். அதற்கு விளக்கின் முன் மெல்லிய வெள்ளைத் தாளைப் பிடித்து ஒளியைப் பரவவிட வேண்டும்.