மணிக்கணக்கில் உட்காருபவர்கள் காலில் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏற ஆடுசதையின் உதவி வேண்டும். அது சுருங்கும்போது உள்ளே ஓடும் ஆழ்சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைக்குள் உள்ள வால்வுகள் அதைக் கீழே வழியவிடாமல் தடுக்கின்றன. அசையாமல் உட்கார்ந்தால் இந்தப் பம்பு ஓய்ந்துவிடும். வால்வு மடிப்புகளில் தேங்கும் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

முதலில் நாற்காலியைச் சரிசெய்யுங்கள். 1940-இல் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து பதுங்குமிடங்களில் சாய்வு நாற்காலிகளில் இரவைக் கழித்தவர்கள் சிலர் நுரையீரல் அடைப்பால் இறந்தார்கள். நாற்காலியின் முன்சட்டம் தொடையை அழுத்தியதும் ஒரு காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது. இருக்கையின் விளிம்புக்கும் முழங்காலின் பின்குழிக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். குள்ளமானவர்களுக்குக் கால் தொங்கும், விளிம்பு தொடையை அழுத்தும். ஒரு கால்மணை போட்டால் போதும்.

அரை மணிக்கு ஒருமுறை, முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை உயர்த்துங்கள். பிறகு குதிகாலை ஊன்றி விரல்களை உயர்த்துங்கள். இப்படி 20 முறை. கைவைத்துப் பார்த்தால் ஆடுசதை இறுகுவது தெரிய வேண்டும். விரலை மட்டும் ஆட்டினால் பலன் குறைவு. மணிக்கு ஒருமுறை எழுந்து சில நிமிடம் நடங்கள். வேலை மும்முரத்தில் நேரம் போவதே தெரியாது, ஆகவே கைபேசியில் அலாரம் வையுங்கள். மாலையில் உடற்பயிற்சி செய்கிறோமே என்று பகலெல்லாம் அசையாமல் இருந்துவிடாதீர்கள்.

பயணத்தில் 4 மணி நேரத்தைத் தாண்டினால் ஆபத்து இரண்டு மூன்று மடங்காகிறது. விமானம் மட்டுமல்ல, பேருந்து, ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆரோக்கியமானவர்களில் ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்குத்தான் ரத்தக்கட்டி வருகிறது, அதனால் பீதி வேண்டாம். நடைபாதையோர இருக்கையாகக் கேளுங்கள். முன்னிருக்கையின் அடியில் பையைத் திணித்தால் கால் நீட்ட இடமிருக்காது. தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டாம்: மடங்கிய கால் மடங்கியபடியே பல மணி நேரம் கிடந்துவிடும். தண்ணீர் குடிப்பது நல்லதுதான், ஆனால் அது நடைக்கு ஈடாகாது.

முன்பு ரத்தக்கட்டி வந்தவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், குழந்தை பெற்று 6 வாரம் ஆகாதவர்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் பயணத்துக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழ் அணியும் அழுத்தக் காலுறை இவர்களுக்கு உதவும். கணுக்காலில் 15 முதல் 30 மி.மீ. பாதரச அழுத்தம் தருவதாக இருக்கட்டும். காலையில், வீக்கம் ஏறுமுன், கணுக்காலின் மெல்லிய இடத்தையும் ஆடுசதையின் பருத்த இடத்தையும் அளந்து வாங்குங்கள். மேல்விளிம்பைச் சுருட்டிவிடக் கூடாது. சுருட்டினால் அது கயிறுபோல இறுக்கி ரத்தத்தைத் தடுக்கும். கால் தமனியில் அடைப்புள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அணியவே கூடாது. ஆஸ்பிரினையும் இதற்காக நீங்களாகவே விழுங்காதீர்கள்.

பயணம் முடிந்தும் சில வாரங்களுக்குக் காலைக் கவனியுங்கள். இரண்டு காலும் சமமாக வீங்கி, படுத்து எழுந்ததும் வடிந்தால் பெரும்பாலும் சாதாரண நீர்க்கோப்பு. ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதை வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய் டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஒலியலைப் பரிசோதனை) எடுக்க முடியுமா என்று கேளுங்கள். தசைப்பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து நீவிவிடாதீர்கள், கட்டி பெயர்ந்துவிடலாம். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் குத்தும் நெஞ்சுவலி, ரத்தம் கலந்த சளி, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள்.