சிங்கப்பூர் தீம் பார்க்: பயணத் திட்டத்தில் செய்த திருத்தம்

கடலூரிலிருந்து சென்னை போய் இரவு விமானம். சிங்கப்பூரில் இறங்கிய அன்றே யுனிவர்சல் ஸ்டுடியோஸ் தீம் பார்க் என்று போட்டிருந்தேன். தவறு அதுதான். பறப்பதே நாலு மணி நேரத்துக்கு மேல், அங்கே கடிகாரம் வேறு இரண்டரை மணி நேரம் முன்னால். தூங்காத பிள்ளைகள் மதியத்துக்குள் துவண்டுவிடுவார்கள். பூங்காவை மறுநாள் காலைக்குத் தள்ளினேன்.

அடுத்தது உயரம். பெரியவர் துணையோடு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரியில் ஏற குறைந்தது 102 செ.மீ., மம்மி சவாரிக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125. வீட்டுச் சுவரோரம் செருப்பில்லாமல் நிறுத்தி அளந்த பிறகே, சவாரி வரிசையில் காத்திருப்பதைக் குறைக்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் தேவையா என்று முடிவு செய்தேன். அது நுழைவுச்சீட்டு இல்லை, கூடுதல் செலவு. பிள்ளை ஏற முடியாத சவாரிக்கு வீண்.

விசா முன்பே எடுக்கவேண்டும். வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்பவேண்டும், கட்டணம் கிடையாது.