பாட்டு கேட்பதை மடலாக்கிச் சந்தா வாங்கப் போகிறீர்களா?

கோடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு, கேட்ட பாட்டுகளைப் பற்றி மின்னஞ்சலில் எழுதி அதற்குச் சந்தாவும் வாங்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் மெனக்கெடுவது மடலுக்குப் பெயர் வைப்பதற்கும் லோகோ வரைவதற்கும்தான். செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் பணம் எந்த வழியாக உங்கள் கைக்கு வரும் என்று பார்த்துவிடுங்கள். மடல் அனுப்பப் பலரும் பயன்படுத்தும் சப்ஸ்டாக் தளத்தில் கட்டணச் சந்தா, ஸ்ட்ரைப் என்ற இணையப் பணப்பட்டுவாடா நிறுவனம் வழியாகத்தான் நடக்கும். ஸ்ட்ரைப்போ 2024 முதல் இந்தியாவில் அழைப்பு கிடைத்தவர்களுக்கு மட்டும்தான் புதுக்கணக்கு தருகிறது. மாதக்கணக்கில் எழுதி, ஆள் சேர்த்து, ‘தை முதல் கட்டணம்’ என்று அறிவித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதில் என்ன லாபம்? கணக்கு கிடைத்தாலும் சப்ஸ்டாக் 10% எடுத்துக்கொள்ளும், ஸ்ட்ரைப்பின் கட்டணம் தனி.

மாதச் சந்தா வைப்பது இன்னொரு வம்பு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டிலிருந்தோ யுபிஐயிலிருந்தோ தானாகப் பணம் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். நல்ல விதிதான், நமக்குத்தான் சிக்கல். ‘50 ரூபாய் எடுக்கப்போகிறோம்’ என்று மாதாமாதம் மெசேஜ் வந்தால், ‘இது நமக்கு வேணுமா’ என்று மாதாமாதம் ஒரு யோசனையும் வரும். ஆண்டுச் சந்தாவாக, 500 அல்லது 600 ரூபாய், யுபிஐயில் ஒரே தடவை வாங்கிவிடுங்கள், அதற்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி கவலை இப்போது வேண்டாம், சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு. அவ்வளவு வந்தால் ஆடிட்டரிடமே போய்விடலாம்.

அடுத்தது, யாருக்கு எழுதுகிறோம் என்பது. ‘இசை ரசிகர்கள் எல்லோருக்கும்’ என்று ஆரம்பித்தால் ஒருவருமே பணம் கட்ட மாட்டார்கள். பாட்டு எல்லோருக்கும் சும்மா கிடைக்கிறது, பாட்டைப் பற்றிய அரட்டையும் சும்மாதான் கிடைக்கிறது. வட்டத்தைச் சுருக்குங்கள். நம் மலை மேல் இருக்கும் கோடை பண்பலை 100.5 மதுரை, திண்டுக்கல், தேனி என்று கீழே பல மாவட்டங்களில் கேட்கும், அதன் இரவுப் பாட்டுகளோடு வளர்ந்து இன்று வெளியூரில் வேலை பார்க்கிற ஆட்கள் எத்தனையோ பேர். அவர்களை மட்டும் மனதில் வைத்து, எண்பதுகளின் பாட்டுகளில் சரணத்துக்கு முன்னால் வரும் வாத்திய இசையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதினால்கூட ஓர் ஆண்டுக்கு ஓடும். ‘மனதை வருடும் மெல்லிசை’ மாதிரி வரிகளுக்குக் காசு கேட்காதீர்கள். எந்த நிமிடத்தில், எந்த வினாடியில் புல்லாங்குழல் நின்று வயலின் கூட்டம் உள்ளே வருகிறது என்று சொல்லுங்கள், வாசகர் அந்த இடத்துக்குத் திரும்பப் போய்க் கேட்பார். பணம் கட்டியது அதற்குத்தான்.

பாட்டு கேட்கும் ஆப்பில் போட்டிருக்கும் விவரத்தை அப்படியே எடுத்து எழுதுவதும் பெரிய தவறு. பழைய சினிமாப் பாட்டுகளுக்குப் பாடலாசிரியர் பெயர் பல இடங்களில் இருக்கவே இருக்காது, இருந்தாலும் தப்பாக இருக்கும், வெளிவந்த ஆண்டு என்று தொகுப்பு வெளியான ஆண்டைப் போட்டிருப்பார்கள். எல்பி இசைத்தட்டின் உறையையோ கேசட் அட்டையையோ பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். (நம் ஊர் ஈரத்தில் அதில் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்.) ராகப் பெயரில் மட்டும் ஊகம் வேண்டவே வேண்டாம், அதில் தவறினால் வரும் பதில்களைப் படிக்கவே ஒரு நாள் போய்விடும்.

உரிமை விஷயத்தில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். எம்பி3 இணைப்பது, முழுப் பாட்டு வரிகளையும் போடுவது இரண்டுமே கூடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுதான், ஆனால் வரிகளுக்கு எழுதியவர் இறந்து 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981, ஆக 2041 முடியும்வரை அவர் வரிகளுக்கு உரிமை உண்டு, பாட்டின் ஒலிப்பதிவு எவ்வளவு பழையதாக இருந்தாலும். பாரதியார் என்றால் பிரச்சினையே இல்லை. விமர்சனத்துக்காக இரண்டு வரி எடுத்தாளச் சட்டமே இடம் தருகிறது, அதோடு நிறுத்துங்கள்.

இதில் நம் ஊருக்கென்றே ஒன்று இருக்கிறது. பழனி மலையில் பளியர் பழங்குடியினரின் குடியிருப்பிலோ கிராமத்துத் திருவிழாவிலோ பாடுவதைப் போனில் பிடித்துவந்து ‘சந்தாதாரர்களுக்கு மட்டும்’ என்று போடும் ஆசை வரும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று 50 ஆண்டு இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அவரைக் கேட்காமல் அவர் குரலை விற்பது எனக்குச் சரியாகப்படவில்லை. கேளுங்கள், சம்மதித்தால் வருகிற பணத்தில் பங்கும் கொடுங்கள்.

அப்புறம், வாராவாரம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஏப்ரல், மே சீசனில் ஹோம்ஸ்டே வைத்திருப்பவருக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் பின்னாடியே டவரும் போகும். மாதம் இரண்டு என்று சொல்லி, நாலு மடலை முன்கூட்டியே எழுதித் தேதி குறித்து வைத்துவிடுங்கள். முதல் சில மாதம் இலவசமாகவே அனுப்புங்கள், நிஜமாக யார் படிக்கிறார்கள் என்று அதில் தெரிந்துவிடும். வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பவர்களை எல்லாம் கேட்காமல் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அவர்கள் ஸ்பாம் என்று அமுக்கினால், விரும்பிச் சேர்ந்தவருக்குப் போகும் மடலும் அந்தப் பக்கமே போய்விழும்.

ஒரு சின்ன தொழில்நுட்ப விஷயம். ஜிமெயில் சுமார் 102 கேபிக்கு மேல் போகும் மடலை நடுவில் வெட்டிவிடும். ஒரு தமிழ் எழுத்துக்குக் குறைந்தது 3 பைட் ஆகும், கொம்பு, கால் சேர்ந்தால் 6, ஆங்கிலத்துக்கு ஒன்றுதான். எனவே நீளக் கட்டுரை நமக்குச் சீக்கிரமே வெட்டுப்படும். அதற்காக எழுத்தைப் படமாக்கி ஒட்டாதீர்கள், தேடினால் கிடைக்காது.

கடைசியாக, வந்த சந்தாவை முதல் வாரமே புது ஹெட்போனில் போட்டுவிடாதீர்கள். 600 ரூபாய் என்றால் மாதத்துக்கு 50 என்று பிரித்து, அந்த மாதம் மடல் போன பிறகு அந்த 50-ஐ எடுங்கள். ஐந்தாம் மாத மடலோடு அலுத்து நிறுத்தினால், மீதி 350 ரூபாயை ஒவ்வொருவருக்கும் திருப்பி அனுப்பப் பணம் கணக்கில் இருக்க வேண்டும்.