குழந்தைகள் மருத்துவமனைக்கு நன்கொடை திரட்டும் வேலையா? நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்

சென்னையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் குழந்தைகள் மருத்துவமனையில், நன்கொடை திரட்டும் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணிப் பட்டம் முடித்துவிட்டு வருகிறவர்கள், ஐ.டி. வேலை அலுத்துப்போய் வருகிறவர்கள் என்று இந்த வேலைக்கு வர நினைக்கும் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட எப்படிக் காசு கேட்கிறது, கூச்சமா இருக்காதா?" கூச்சம் ஒரு மாதத்தில் போய்விடும். கேட்பது இந்த வேலையில் சின்னப் பகுதி. வாங்கிய பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள், நானும் அங்கேதான் சறுக்கினேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பெரிய கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணம் வேறு ஆட்களின் வேலை. 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்துமதிப்போ உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும், அதற்கு நீளமான விண்ணப்பம், குழு, கூட்டம் எல்லாம் உண்டு. நான் சொல்வது தெருவில் நடக்கிற வேலை. குடியிருப்போர் சங்கம், ரோட்டரி, பள்ளிக்கூடம், வியாபாரிகள் சங்கம், கல்யாண வீடு, தாத்தா நினைவு நாளுக்கு ஐயாயிரம் கொடுக்க வருகிற குடும்பம், கல்லாப் பக்கத்தில் உண்டியல் வைக்கச் சம்மதிக்கிற மளிகைக் கடை.

அந்த உண்டியலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சேர்ந்த புதிதில் முப்பது நாற்பது கடைகளில் உண்டியல் வைத்துவிட்டேன், எண்ணிக்கையை மேலதிகாரியிடம் காட்டிப் பாராட்டும் வாங்கியாயிற்று. திரும்பப் போய் எடுப்பதற்கு ஆள் இல்லை என்பதை யோசிக்கவே இல்லை. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு கடைக்குப் போனால் அண்ணாச்சி ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பெட்டி நிரம்பி ரெண்டு மாசமாச்சு. எடுக்கக்கூட ஆள் வரலைன்னா உங்களுக்குப் பணம் தேவைப்படலைன்னுதானே அர்த்தம்?" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் இன்னும் உறைத்தது. எடுக்கப் போக முடிகிற அளவுக்கு மட்டும் பெட்டி வையுங்கள். எடுக்கப் போகும்போது இரண்டு பேராகப் போங்கள், கடைக்காரர் முன்னாலேயே பெட்டியின் முத்திரையை உடைத்து எண்ணுங்கள், அங்கேயே ரசீது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த முறை போகும்போது போன முறை பணம் எதற்குப் போனது என்று ஒரு வரி சொல்லுங்கள், அவர் அதைத் தன் வாடிக்கையாளர்களிடம் சொல்வார், உங்களைவிட நன்றாகவே சொல்வார்.

உண்டியலில் இன்னொரு சிக்கல், யார் போட்டார் என்று தெரியாது. பெயர் தெரியாத நன்கொடை ஓர் அளவைத் தாண்டினால், அதாவது மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம், இதில் எது அதிகமோ அதற்கு மேல் போனால், மிஞ்சிய தொகைக்கு அறக்கட்டளை 30 சதவீதம் வரி கட்ட வேண்டும். மத அமைப்புகளுக்கு இதில் விலக்கு உண்டு என்பதால் கோயில் உண்டியலைப் பார்த்து நாமும் அப்படியே செய்யலாம் என்று கிளம்பக் கூடாது. க்யூ.ஆர். ஸ்டிக்கர் ஒட்டினால் தீர்ந்தது என்பவர்களுக்கு ஒரு சொல்: கடைக்குப் போகும்போதெல்லாம் அந்த ஸ்டிக்கரை உங்கள் போனில் ஸ்கேன் செய்து, வருகிற பெயர் உங்கள் மருத்துவமனையின் பெயர்தானா என்று பாருங்கள். மேலே வேறொன்றை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது குழந்தையின் படம். இதில்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. தலைமுடி கொட்டிப்போய், மூக்கில் ட்யூபோடு இருக்கும் குழந்தையின் படத்தைப் போட்டால் பணம் வரும், அதில் சந்தேகமே இல்லை. அம்மாவிடம் கேட்டோமே, கையெழுத்துப் போட்டாரே என்போம். ஐ.சி.யு. வாசலில் மூன்று நாள் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் மருத்துவமனை அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு போய்க் கேட்டால், அவர் எப்படி முடியாது என்பார்? முடியாது என்றால் பிள்ளையைச் சரியாகக் கவனிக்க மாட்டார்களோ என்ற பயம்தான் அந்தக் கையெழுத்து. நான் அப்படி வாங்கிய ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. பையன் குணமாகி வீட்டுக்குப் போய்ப் பள்ளியில் சேர்ந்த பிறகும் படம் நிற்கவில்லை. கூடப் படிக்கிற பிள்ளைகள் அதைக் காட்டிக் கேலி செய்கிறார்கள் என்று அவன் அப்பா போன் செய்தார். இணையத்தில் போனதைத் திரும்ப எடுக்க என்னால் முடியவில்லை.

அதற்குப் பிறகு நானே சில விதிகள் வைத்துக்கொண்டேன். சிகிச்சை நடக்கும்போது கேட்பதில்லை, வீட்டுக்குப் போய்ச் சில வாரம் கழித்து, சிகிச்சையோடு தொடர்பில்லாத ஒருவர் மூலம் கேட்பது. முகம் தெரியாமல், ஊர் பெயர் இல்லாமல் சொல்ல முடிகிற கதையை அப்படியே சொல்வது. பத்து வயதுக்கு மேல் இருந்தால் பிள்ளையிடமும் கேட்பது, சில பிள்ளைகள் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லும். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் கிடக்கட்டும், அந்த அப்பாவின் குரலே எனக்குப் போதுமாக இருந்தது.

இதோடு ஒட்டிய தவறு, ஒரே குழந்தையின் பெயரில் பணம் கேட்பது. எஸ்.எம்.ஏ. என்ற தசைநார்ச் சிதைவு நோய்க்கு 16 கோடி ரூபாய் ஊசி என்ற வேண்டுகோள்கள் சில வருடங்களுக்கு முன் எல்லோருடைய போனுக்கும் வந்திருக்கும், அதிலிருந்து இப்படிக் கேட்டால்தான் கொடுப்பார்கள் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். கேட்கலாம். ஆனால் தேவைக்கு மேல் வந்துவிட்டால் மீதி எங்கே போகும்? கடவுள் காப்பாற்றட்டும், பணம் சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டால்? இந்த இரண்டு கேள்விக்கும் பதிலை முதல் வேண்டுகோளிலேயே எழுதுங்கள், 'மீதமுள்ள தொகை இதே நோயுள்ள மற்ற குழந்தைகளுக்குப் பயன்படும்' என்று ஒரு வரி போதும். அந்த வரியை எழுதாமல் விட்டுவிட்டு, பிள்ளையை இழந்த வீட்டுக்கும் பணம் கொடுத்தவர்களுக்கும் நடுவில் நின்று விளக்கம் சொல்லும் நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

மருத்துவமனைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் வெளியே பேசுவதும் பெரிய தவறு. "எழும்பூர்லதான் குழந்தைகளுக்கு இலவசமா பார்க்கிறாங்களே, உங்களுக்கு எதுக்குக் கொடுக்கணும்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள், நியாயமான கேள்வி. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையைக் குறைத்துப் பேசி மட்டும் பதில் சொல்லாதீர்கள், கேட்டவரின் பிள்ளையே அங்கே பிழைத்திருக்கலாம். அதேபோல முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். உங்கள் மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இருந்தால், திட்டமே கொடுக்கிற அறுவைச் சிகிச்சைக்கு நீங்கள் ஊரில் பணம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. காப்பீட்டு மேஜையில் இருப்பவரோடு வாரம் ஒருமுறை டீ குடியுங்கள். எதற்குத் திட்டம் கொடுக்கிறது, எதற்குக் கொடுக்கவில்லை, எந்தக் குடும்பம் கார்டு இல்லாமல் தவிக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அம்மா அப்பா தங்குவதற்கு இடம், ஊருக்குப் போகப் பேருந்துச் செலவு, வீட்டுக்குப் போன பிறகு வாங்க வேண்டிய மருந்து, இப்படித் திட்டத்துக்கு வெளியே விழுகிற செலவு நிறைய இருக்கிறது. போஸ்டரில் போட்டால் எடுப்பாக இருக்காது, ஆனால் விளக்கிச் சொன்னால் மக்களுக்குச் சட்டென்று புரிகிறது.

அப்புறம் பொருளாகக் கொடுக்க வருகிறவர்கள். பிறந்த நாளுக்கு வார்டில் கேக் வெட்டணும், பிள்ளைகளுக்குப் பொம்மை கொடுக்கணும் என்பார்கள். புற்றுநோய்க்குக் கீமோ போய்க்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நோய் எதிர்ப்பு சக்தி தரைமட்டத்தில் இருக்கும், இருபது பேர் உள்ளே வந்து போனால் யாருக்காவது காய்ச்சல் வரும். துவைக்க முடியாத பஞ்சுப் பொம்மையும் பூங்கொத்தும் அந்த வார்டுக்குள் போகக் கூடாது. நான் முதலில் சரி சொல்லிவிட்டு, அப்புறம் நர்ஸிடம் திட்டு வாங்கி, அதற்கப்புறம் வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். வரிசையை மாற்றி, நர்ஸிடம் முதலில் கேட்டுவிடுங்கள். பால்பவுடர் டின், ஃபீடிங் பாட்டில் பெட்டி பெட்டியாக வந்தால் இன்னும் கவனம். தாய்ப்பாலுக்கு மாற்றான பால்பவுடரையும் பாட்டிலையும் அனாதை இல்லம் தவிர வேறு யாருக்கும் தானமாகக் கொடுப்பதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. இது தெரியாமல் சிரித்தபடி படம் எடுத்துப் போட்ட அமைப்புகள் உண்டு.

வரி விஷயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். 'கொடுத்தால் முழுசா வரி மிச்சம்' என்று சொல்லித்தான் பாதிப் பேர் ஆரம்பிக்கிறார்கள். 80ஜி என்று ஊரே சொல்லும் சலுகையில், நம்மைப் போன்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால் பொதுவாகப் பாதித் தொகையைத்தான் வரிக்கான வருமானத்திலிருந்து கழிக்கலாம், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவே இல்லை, பொருளுக்கும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், புதிய வரி முறையில் இருப்பவருக்கு இந்தச் சலுகையே கிடையாது, 2023-24 முதல் நாமாக மாற்றிக்கொள்ளாவிட்டால் புதிய முறைதான் பொருந்தும் என்று ஆகிவிட்டதால் சம்பளக்காரர்களில் நிறையப் பேர் அதில்தான் இருக்கிறார்கள். வரியைச் சொல்லி வாங்கிய பணம், ஜூலையில் அவர் கணக்குத் தாக்கல் செய்யும்போது உங்களைத் திட்டிக்கொண்டு நிற்கும். சலுகை உள்ளவருக்கும் ரசீது மட்டும் போதாது. 2021-22லிருந்து, கொடுத்தவர் பட்டியலை பான் எண்ணோடு வருமான வரித் துறைக்கு மருத்துவமனை ஏற்ற வேண்டும், நிதியாண்டு முடிந்து மே 31 கெடு, அதிலிருந்து வருகிற சான்றிதழ்தான் செல்லும். பான் எண்ணில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்ததால் நான் தலைகுனிந்த கதைகள் இருக்கின்றன, இப்போது வேண்டாம்.

வெளிநாட்டுப் பணம் பற்றிச் சுருக்கமாக. இந்திய பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை செய்யும் தம்பி தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் ஆகும், அவரிடம் இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும்தான். அதை வாங்க, எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு இருக்க வேண்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் உள்ள கணக்குக்குத்தான் பணம் முதலில் வர வேண்டும். 'அக்கா, உங்க நம்பருக்கே ஜிபே பண்ணிடறேன்' என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிப் பழகுங்கள், உள்ளூர்ப் பணமாக இருந்தாலும்.

சங்கங்களுக்கு என்று ஒரு காலண்டர் உண்டு. ரோட்டரி, லயன்ஸ் இரண்டிலும் ஜூலை 1ஆம் தேதி தலைவர் மாறுவார். மே மாதம் போய் வாக்குறுதி வாங்கிவிட்டுச் சந்தோஷமாக இருந்தால், ஜூலையில் வருகிறவருக்கு அது யாரோ கொடுத்த வாக்கு. ஏப்ரலிலேயே அடுத்த தலைவர் யார் என்று கேட்டு அவரைப் போய்ப் பாருங்கள். நவம்பரில் திறந்தவெளியில் மெல்லிசை நிகழ்ச்சி வைக்காதீர்கள் என்பதையும் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் வைத்தோம். மேடை, ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், சாப்பாடு எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்தோம், மழைதான் இலவசமாக வந்தது.

பெயர்ப்பலகை பற்றியும் ஒரு வார்த்தை. இறந்தவர் நினைவாகக் கொடுப்பது நம் வீடுகளில் ஆழமான விஷயம், அதை விளம்பர ஆசை என்று இளக்காரமாகப் பார்க்கும் இளைஞர்களைக் கண்டிருக்கிறேன். வேலூரில் சி.எம்.சி.யை நிறுவிய மருத்துவர் ஐடா ஸ்கடர் 1902ல் திறந்த மருத்துவமனையே, நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கிக்காரர் தன் மனைவி நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் எழுந்ததுதான், ஷெல் என்ற பெயர் அங்கே இன்னும் இருக்கிறது. பெயர் போடலாம், தப்பில்லை. கட்டில் ஒன்றுக்குப் பெயர் என்றால் அந்தக் கட்டில் எத்தனை வருடம் இருக்கும், உடைந்தால் பலகை என்ன ஆகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போடுங்கள்.

கடைசியாக உங்கள் சம்பளம். 'திரட்டுவதில் பத்து சதவீதம் உனக்கு' என்று சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள். உலக அளவில் இந்தத் தொழிலில் இருப்பவர்களின் சங்கங்களே சதவீதக் கமிஷனைத் தங்கள் ஒழுக்க விதிகளில் தடுத்து வைத்திருக்கின்றன, காரணம் சாதாரணமானது: கமிஷனில் வேலை செய்கிறவருக்கு அந்தப் பையனின் படம் தேவைப்பட்டுவிடும். மாதச் சம்பளம், அது ஐ.டி. சம்பளத்தில் பாதி இருந்தாலும், அதைக் கேளுங்கள். நேர்காணலில் உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா என்று அவர்கள் கேட்கும்போது, போன வருடத் தணிக்கை அறிக்கையைப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். சில இடங்களில் பத்து நிமிடத்தில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள், சில இடங்களில் "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?" என்பார்கள். இரண்டாவது இடத்தில் காபி கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.