நிலாவரைத் தேநீரும் கொய்யாப்பழமும்
மலச்சிக்கலுக்கென உறவினர் வாங்கித் தந்த, உடலின் கழிவை நீக்குவதாகச் சொல்லப்படும் மூலிகை டீடாக்ஸ் தேநீரைக் குடித்தபோது, விடியற்காலையில் வயிற்றைப் பிசைந்து நீராகப் போனதும், எடை சற்றே குறைந்ததும் உண்மைதான். பொட்டலத்தின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்த பட்டியலைப் படித்ததும் காரணம் விளங்கியது: முதல் பெயரே நிலாவரை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளில் பயிராகும் இந்த இலையிலுள்ள சென்னோசைடுகள் என்னும் வேதிப்பொருள்கள் பெருங்குடலைத் தூண்டி, அங்கே நீர் உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. ஆகவே குறைந்தது உடல்நீரே தவிர, கொழுப்பன்று. உடலின் கழிவுகளைக் கல்லீரலும் சிறுநீரகமும் தேநீரின் உதவியின்றியே அகற்றுகின்றன. (குறுகிய காலத்துக்கு மருத்துவர்களே தரும் மருந்துதான் நிலாவரை, தினசரிப் பானமாக விற்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.) தேநீரை நிறுத்திவிட்டு, 100 கிராமில் 5 கிராமுக்கு மேல் நார்ச்சத்துள்ள கொய்யாவைத் தோலோடு தின்று, மதியச் சோற்றில் பாதியைக் குறைத்து அவரைக்காய்ப் பொரியலோ கீரையோ சேர்த்து, தண்ணீரையும் கூட்டினேன். தொடக்கத்தில் வயிறு சற்று உப்பியது. பிறகு மலச்சிக்கல் தீர்ந்தது.