ஞாயிறு 77.7, திங்கள் 79.1: வெயிட் மிஷினை எப்படிப் படிப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை 77.7 கிலோ. மதியம் பாய் கடை பிரியாணி, ராத்திரி சூடு பண்ணிய கருவாட்டுக் குழம்போடு சோறு. திங்கள் காலை மிஷினில் ஏறினால் 79.1. ஒரே ராத்திரியில் 1.4 கிலோ! உடனே காலை டிபன் கட், தண்ணீர் கட். சாயங்காலம் பசி தாங்காமல் பஜ்ஜி கடை வாசலில் போய் நிற்க வேண்டியதாகிறது. வாரம் முழுக்க ஒழுங்காக இருந்தவர்களின் டயட் உடைவது பெரும்பாலும் இப்படிப்பட்ட திங்கட்கிழமைகளில்தான். உடையவே தேவையில்லை. ஏறியது கொழுப்பு இல்லை.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. அவ்வளவும் ஒரே நாளில் சேர வேண்டுமென்றால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் நூறு இட்லிக்கும் அதிகமாக உள்ளே போயிருக்க வேண்டும். கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொன்று புரியும். தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளில் கரையும் கொழுப்பு சுமார் 65 கிராம். பெரும்பாலான வீட்டு மிஷின்கள் காட்டும் மிகச் சிறிய வித்தியாசமே 100 கிராம். அதாவது ஒரு நாள் பட்ட பாடு மிஷினில் தெரியவே தெரியாது. ஆனால் அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் அரை கிலோ அந்த நிமிஷமே கூடிவிடும். நாளுக்கு நாள் ஒரு கிலோ, இரண்டு கிலோ ஏறி இறங்குவது ஆரோக்கியமான உடம்பிலும் சகஜம்.

அந்த 1.4 கிலோ எங்கிருந்து வந்தது?

முதலில் உப்பு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். நம் ரத்தத்திலும், செல்களுக்கு வெளியே உள்ள நீரிலும் இருக்கும் உப்பின் அளவுக்கு நெருக்கமாக வைத்த கணக்கு அது. கூடுதலாக உப்பு போனால் உடம்பு அந்த விகிதத்தை விட்டுக்கொடுக்காது; தாகம் எடுக்க வைத்து, குடித்த தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வழக்கத்தைவிட 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் அளவு, கூடுதலாகப் போனால் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் நீர் தங்கும். 550 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் அதை வெளியேற்ற ஒன்றிரண்டு நாள் ஆகும், சிலருக்கு மூன்று நாள்.

அடுத்தது சோறு. மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜனாக மாற்றிக் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது. ஒரு பெரியவரின் உடம்பில் மொத்தம் 400 முதல் 500 கிராம் வரை பிடிக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைக் கூடவே இழுத்து வைத்துக்கொள்ளும். டயட்டில் பாதி காலியாகியிருந்த அந்தக் கிடங்கில் ஞாயிற்றுக்கிழமை 120 கிராம் சேர்ந்தால், தண்ணீரோடு சேர்த்து 480 கிராம்.

மூன்றாவது, இன்னும் செரிமானம் முடியாமல் குடலில் இருக்கும் சாப்பாடு. 300 கிராம் என்று வைக்கலாம். மிச்சமிருக்கும் 70 கிராம்தான் கொழுப்பாக இருக்க வாய்ப்புண்டு. அதுவும் ஒரு நாள் டயட்டில் சரியாகிவிடும் அளவு.

உப்பு விஷயத்தில் நம் வட சென்னைப் பக்கத்துச் சாப்பாட்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. காசிமேட்டுக் கருவாடு உப்பிலேயே ஊறிக் காய்ந்தது. வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசினால் உப்பு குறையும், முழுசாகப் போகாது. பர்மா பஜார் பக்கத்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்), கூடவே முட்டை மசாலா, ஆடி மாசம் கூழோடு ஊற்றும் கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், அப்பளம் எல்லாமே மறுநாள் மிஷினில் தெரியும். சாப்பிடக் கூடாது என்பதில்லை. மறுநாள் எண் ஏறும் என்று தெரிந்துகொண்டு சாப்பிட்டால் போதும்.

இதே கணக்கு தலைகீழாகவும் ஏமாற்றும். சோற்றை அடியோடு நிறுத்தியவருக்கு முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கினால், அதில் பெரும்பங்கு கிளைகோஜனும் அதோடு இருந்த தண்ணீரும்தான். மீண்டும் சோறு சாப்பிட்ட இரண்டு நாளில் அது திரும்பி வரும். ‘ஒரே வாரத்தில் மூணு கிலோ’ என்று விளம்பரம் செய்யும் பொடிகளும் ஜூஸ்களும் இந்தத் தண்ணீரைக் காட்டித்தான் காசு பார்க்கின்றன.

மிஷினை வைப்பதும் ஏறுவதும்

மிஷினின் நாலு காலிலும் எடையை உணரும் சென்சார் இருக்கிறது. நாலும் ஒரே மாதிரி தரையில் பதிந்தால்தான் எண் சரியாக வரும். மிதியடி, பாய், ரப்பர் ஷீட் மேல் வைக்காதீர்கள். பழைய வீட்டு மொசைக் தரையில் லேசான பள்ளம் இருக்கும்; ஒரு மூலையை விரலால் அழுத்திப் பாருங்கள், ஆடினால் இடத்தை மாற்றுங்கள். ஆடாத இடம் கிடைத்ததும் அந்த டைல்ஸில் சாக்பீஸால் நாலு மூலையையும் குறித்துவிடுங்கள். தினமும் அதே இடம். இடம் மாற்றி வைத்தால் முதலில் காலால் தட்டி 0.0 வரவிட்டு, பிறகு ஏறுங்கள்.

மிஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பிரிக்காத அரிசி மூட்டையே போதும். மூட்டை மேல் அச்சிட்ட எடையும் மிஷின் காட்டுவதும் அரை கிலோவுக்குள் ஒத்துப்போனால் கவலை வேண்டாம். தினமும் ஒரே அளவு தப்பாகக் காட்டினாலும் பரவாயில்லை, நமக்குத் தேவை வித்தியாசம்தான். பிரச்சினை வேறொன்று. சில மிஷின்கள் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, சின்ன மாற்றம் இருந்தாலும் பழையதையே திரும்பக் காட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே எண் என்றால் உங்கள் மிஷின் அந்த வகை. ஒவ்வொரு நாளும் முதலில் நாலைந்து கிலோ கனமான பையோடு ஏறி, அடுத்து வெறும் கையோடு ஏறி, இரண்டாவது எண்ணை எழுதுங்கள். எண் நிலைக்காமல் தாவினால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

நேரம்: தூங்கி எழுந்து, பாத்ரூம் போய்விட்டு, காபிக்கு முன்னால், ஒரே மாதிரி லேசான உடையில். துறைமுகத்திலோ எண்ணூர்ப் பக்கம் கம்பெனியிலோ நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்குக் கடிகாரம் முக்கியமில்லை. பகல் இரண்டு மணிக்கு எழுந்தாலும் நீண்ட தூக்கத்துக்குப் பிறகு எடுப்பதுதான் கணக்கு. ரம்ஜான் நோன்பில் சஹர் சாப்பாட்டுக்கு முன்னால் எடுப்பதும் நோன்பு திறப்பதற்கு முன்னால் எடுப்பதும் ஒரு கிலோவுக்கு மேலேயே வேறுபடலாம். மாதம் முழுக்க ஏதாவது ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். மெடிக்கல் ஷாப் மிஷினில் செருப்பும் ஜீன்ஸும் போட்டு எடுத்ததை வீட்டு எண்ணோடு சேர்க்கவே கூடாது.

மிஷின் காட்டும் கொழுப்பு சதவீதத்தைத் தினமும் பார்க்க வேண்டாம். பாதத்தின் வழியே மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி உடம்பின் நீரை வைத்துப் போடும் உத்தேசக் கணக்கு அது, வியர்த்தாலே மாறிவிடும்.

ஏழு நாள் சராசரி

தினசரி காலண்டர் தாளிலேயே அன்றைய எண்ணை எழுதுங்கள். ஞாயிறு வந்ததும் ஏழையும் கூட்டி ஏழால் வகுங்கள். ஒரு உதாரணம், திங்கள் முதல் ஞாயிறு வரை:

முதல் வாரம்: 78.6, 78.2, 78.0, 78.3, 77.8, 77.9, 77.7. சராசரி 78.1.
இரண்டாம் வாரம்: 79.1, 78.6, 78.0, 77.6, 77.3, 77.4, 77.2. சராசரி 77.9.
மூன்றாம் வாரம்: 78.2, 77.8, 77.4, 77.2, 77.0, 76.9, 76.8. சராசரி 77.3.

முதல் வாரத் திங்களையும் இரண்டாம் வாரத் திங்களையும் மட்டும் பார்த்தால் அரை கிலோ ஏறியிருக்கிறது. சராசரியோ இறங்கியிருக்கிறது, மூன்றாம் வாரத்தில் இன்னும் நன்றாக. வாரம் ஒரு நாள்தான் எடை பார்ப்பேன் என்பவர்கள் திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுப்பது பெரிய தப்பு. வெள்ளியோ சனியோ நல்லது. தினமும் எண்ணைப் பார்த்தாலே மனசு கலங்கிப் பட்டினி கிடக்கத் தோன்றுகிறது என்பவர்கள் மிஷினை விட்டுவிடுங்கள். தொப்புள் மட்டத்தில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இஞ்ச் டேப்பால் இடுப்பை அளந்தால் போதும்.

சராசரியையும் குழப்பும் சில விஷயங்கள் உண்டு. பெண்களுக்கு பீரியட்ஸுக்கு முந்தைய சில நாட்களில் அரை கிலோ முதல் இரண்டு கிலோ வரை நீர் கோத்துக்கொள்ளலாம். வந்த சில நாளில் இறங்கும். அந்த வாரத்தை முந்தைய வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாதம் இதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். புதிதாக ஜிம்முக்குப் போனாலோ, பெரம்பூர் முரசொலி மாறன் பூங்காவில் திடீரென்று ஓட ஆரம்பித்தாலோ, வலிக்கும் தசைகளில் நீர் சேர்ந்து சில நாள் எடை கூடும். மலச்சிக்கலும் அப்படித்தான். மே மாதப் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் நடந்து வந்து ஏறினால் முக்கால் கிலோ குறைந்து காட்டலாம். அது முழுக்க வியர்வை, குடித்ததும் திரும்பிவிடும், திரும்பத்தான் வேண்டும். எண்ணை இறக்குவதற்காகத் தண்ணீரைக் குறைப்பதோ, வீட்டுப் பெரியவர்களுக்கு எழுதிக் கொடுத்த நீர் மாத்திரையைப் போடுவதோ ஆபத்து. பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

சராசரி அப்படியே நிற்கிறது என்று தோன்றினால் மூன்று வாரம் பொறுங்கள், பெண்கள் ஒரு முழு மாதச் சுழற்சி. அதன் பிறகும் அசையவில்லை என்றால்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது கண்ணளவில் ஊற்றும் எண்ணெய். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் சுமார் 120 கலோரி. பிரியாணி தின்ற மறுநாள் திங்களன்று செய்ய வேண்டியது வேறெதுவும் இல்லை: வழக்கமான இட்லி சாம்பார், வழக்கமான தண்ணீர், வழக்கமான நடை. எண் புதன், வியாழனுக்குள் தானாக இறங்கும்.

இறங்காமல், ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறிக்கொண்டே போய், கால் வீங்கி விரலால் அழுத்தினால் குழி விழுந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அது உப்புக் கணக்கு இல்லை. இதயம் அல்லது சிறுநீரகப் பிரச்சினையாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே அந்த நோய்கள் உள்ளவர்கள் தண்ணீர் அளவை டாக்டர் சொன்னபடியே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு, சில சர்க்கரை மாத்திரைகள், சில பிரஷர் மாத்திரைகளும் நீர் கோக்க வைக்கும், நீங்களாக நிறுத்தாதீர்கள். டயட்டே இல்லாமல் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் எடையில் 5 சதவீதம் குறைந்திருந்தாலும் பரிசோதனை வேண்டும். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும், தெருமுனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், எண்கள் எழுதிய அந்தக் காலண்டர் தாள்களைக் கையோடு எடுத்துப் போங்கள்.