‘எல்லாவற்றையும் டிக் செய்’வதற்கு முன்: கெட்டர், செட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாவாவில் ஒரு கிளாஸில் ஏழெட்டு பிரைவேட் ஃபீல்டு எழுதி முடித்ததும் கை தானாகக் குறுக்குவிசைக்குப் போய்விடும். இன்டெலிஜேயில் ஆல்ட்-இன்சர்ட்; எக்லிப்ஸில் ஆல்ட்-ஷிஃப்ட்-எஸ், அடுத்து ஆர். வருகிற பெட்டியில் எல்லா ஃபீல்டையும் டிக் செய்து ஓகே கொடுத்தால், ஃபீல்டின் மதிப்பைப் படிக்கும் கெட்டரும் அதை மாற்றும் செட்டருமாக அறுபது எழுபது வரி கண் இமைப்பதற்குள் வந்து நிற்கும். டைப் அடிக்கும் வேலையை ஐ.டி.இ.யிடம் (கோடு எழுத உதவும் இந்த மென்பொருளிடம்) விடுவதில் தப்பே இல்லை. எந்த ஃபீல்டுக்கு எது தேவை என்ற முடிவையும் சேர்த்து அதனிடம் விட்டுவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

கையால் எழுதினால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். செட்டருக்குள் ‘திஸ்.நேம் = நேம்’ என்று சரியாகவே எழுதியிருப்பீர்கள்; ஆனால் மேலே பாராமீட்டரின் பெயரில் ஓர் எழுத்து இடம் மாறியிருக்கும். வலப்பக்கம் இருக்கிற ‘நேம்’ இப்போது பாராமீட்டர் அல்ல, அதே ஃபீல்டு. தன் மதிப்பைத் தனக்கே எழுதிக்கொள்ளும். கம்பைலர் வாயே திறக்காது. டேட்டாபேஸில் அந்த நெடுவரிசை முழுக்க ‘நல்’ (மதிப்பே இல்லை என்ற குறி) விழுவதைப் பார்த்த பிறகுதான் தேட ஆரம்பிப்பீர்கள். ஒரு செட்டரை காப்பி செய்து அடுத்ததாக மாற்றும்போது ‘சிட்டி’யை ‘ஸ்ட்ரீட்’டில் எழுதிவிடுவதும் இதே ரகம். ஆகவே மெத்தடுகளை ஐ.டி.இ.யே எழுதட்டும்; டிக் மட்டும் நீங்கள் போடுங்கள்.

செட்டர் கொடுத்தால் யாரும் எப்போதும் மாற்றலாம்

ஹோட்டல் முன்பதிவுக்கு ஒரு கிளாஸ். உள்ளே செக்-இன் தேதி, செக்-அவுட் தேதி. இரண்டுக்கும் செட்டர் உண்டு. செக்-அவுட் முந்தி வந்துவிடக் கூடாது என்பதால் பொறுப்பாக இரண்டு செட்டரிலும் ஒரு சரிபார்ப்பும் வைத்தாயிற்று. இப்போது 10 முதல் 12 வரை இருக்கிற பதிவை 20 முதல் 22 வரை மாற்ற வேண்டும். முதலில் செக்-இன்னை 20 ஆக்கினால், பழைய செக்-அவுட் இன்னும் 12-லேயே இருக்கிறது, எக்ஸெப்ஷன் விழும். சரி, செக்-அவுட்டை முதலில் மாற்றலாம் என்று வரிசையைத் திருப்பினால் இந்தப் பதிவு தேறும். நாளைக்கு ஒருவர் 20-லிருந்து 10-க்கு முன்னால் கொண்டுவரச் சொன்னால் அதே வரிசை உதைக்கும். கடைசியில் யாரோ ஒருவர் வெறுத்துப்போய் சரிபார்ப்பையே எடுத்துவிடுவார்.

இங்கே சரிபார்ப்பின் மேல் குற்றமில்லை. சேர்ந்தே மாற வேண்டிய இரண்டு மதிப்புகளுக்குத் தனித்தனிக் கதவு வைத்ததுதான் தப்பு. இரண்டு செட்டரையும் நீக்கிவிட்டு, இரண்டு தேதியையும் ஒன்றாக வாங்கும் ‘ரீஷெட்யூல்’ என்ற ஒரே மெத்தடை வையுங்கள். முதலில் சரிபார்த்து, பிறகு இரண்டையும் எழுதட்டும். வங்கிக் கணக்கின் இருப்புத் தொகைக்கும் இதுதான்: இருப்புக்குச் செட்டர் வேண்டாம், ‘டெபாசிட்’, ‘வித்ட்ரா’ போதும். ஐ.டி.க்கும் உருவாக்கிய தேதிக்கும் செட்டர் கேட்கிறவர்கள் பெரும்பாலும், டேட்டாபேஸையும் ஜாவா ஆப்ஜெக்டையும் இணைக்கும் ஹைபர்னேட்டைக் காரணம் காட்டுவார்கள். ஐ.டி. அனோட்டேஷன் (@ போட்டு எழுதும் குறிப்பு) ஃபீல்டின் மேல் இருந்தால் ஹைபர்னேட் நேரடியாக ஃபீல்டிலேயே எழுதும், செட்டரைத் தேடாது.

செட்டரில் போட்ட சரிபார்ப்பு கன்ஸ்ட்ரக்டரில் இல்லாமல் போவதும் அடிக்கடி நடக்கும். கன்ஸ்ட்ரக்டரிலிருந்து செட்டரை அழைத்தால் தீரும் என்று தோன்றும். சப்கிளாஸ் அந்தச் செட்டரை ஓவர்ரைடு செய்திருந்தால், அதன் சொந்த ஃபீல்டுகள் தயாராகும் முன்பே அது ஓடிவிடும். சரிபார்ப்பை ஒரு பிரைவேட் ஸ்டாட்டிக் மெத்தடாக்கி இரண்டு இடத்திலும் அழைப்பதே நல்லது.

பிரைவேட் லிஸ்ட், வெளியே சாவி

‘ஆர்டர்’ கிளாஸில் பொருள்களின் லிஸ்ட் ஒன்று, மொத்தத் தொகை ஒன்று. பொருள் சேர்க்கும் மெத்தட் தொகையையும் கூட்டிவிடுகிறது. மூன்று பொருள், மொத்தம் 1,250 ரூபாய். லிஸ்ட்டுக்குச் செட்டர் இல்லை, கெட்டர் மட்டும்தான் என்று நிம்மதியாக இருக்கும்போது, வேறெங்கோ ஒரு வரி ‘ஆர்டர்.கெட்ஐட்டம்ஸ்().கிளியர்()’ என்கிறது. பொருள் பூஜ்யம், தொகை அதே 1,250. ஐ.டி.இ. எழுதிய கெட்டர் லிஸ்ட்டின் நகலைத் தரவில்லை, அந்த லிஸ்ட்டையே தூக்கிக் கொடுத்தது.

கெட்டரில் ‘கலெக்ஷன்ஸ்.அன்மாடிஃபையபிள்லிஸ்ட்’ போட்டுத் திருப்பினால் வெளியிலிருந்து மாற்ற முயல்பவருக்கு எக்ஸெப்ஷன் கிடைக்கும். ஆனால் அது நகல் அல்ல, ஜன்னல்: உள்ளே லிஸ்ட் மாறினால் வாங்கி வைத்தவருக்கும் மாறித் தெரியும். அந்த நேரத்து நிலையே வேண்டும் என்றால் ஜாவா 10-இல் வந்த ‘லிஸ்ட்.காப்பிஆஃப்’ உதவும்; உள்ளே ஒரு ‘நல்’ இருந்தாலும் அது நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் எறியும் என்பதை நினைவில் வைக்கவும். அர்ரேக்கும் பழைய ‘யூடில்.டேட்’டுக்கும் இதே ஓட்டை உண்டு. ஜாவா 8-இன் ‘லோக்கல்டேட்’ மாறாதது என்பதால் அதற்கு நகல் தேவையில்லை.

ஹைபர்னேட் இருக்கும் இடத்தில் செட்டர் பக்கமும் ஒரு பள்ளம். ஆர்ஃபன் ரிமூவல் (லிஸ்ட்டிலிருந்து நீக்கியதை டேட்டாபேஸிலும் அழிக்கும் அமைப்பு) வைத்த லிஸ்ட்டை செட்டர் புது லிஸ்ட்டால் மாற்றிவிட்டால், சேமிக்கும்போது பழைய கலெக்ஷனுக்கு உரிமையாளர் இல்லை என்று ஹைபர்னேட் பிழை தரும். பழையதையே காலிசெய்து அதிலேயே புதியவற்றைச் சேர்ப்பதுதான் வழி. அப்போதும், வந்த லிஸ்ட்டும் உள்ளே இருப்பதும் ஒன்றேயானால் காலிசெய்த கணமே இரண்டும் காலி. வந்ததை முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

பெயரை மனிதர்கள் மட்டும் படிப்பதில்லை

‘கெட்’, ‘செட்’, ‘இஸ்’ என்ற முன்னொட்டுகள் வெறும் வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். 1997-இல் வெளிவந்த ஜாவாபீன்ஸ் விதிமுறையிலிருந்து வருபவை அவை. ஆப்ஜெக்டை ஜேசன் என்ற தரவு வடிவத்துக்கு மாற்றும் ஜாக்சன், ஸ்பிரிங், ஃபார்ம் லைப்ரரிகள் எல்லாம் மெத்தட் பெயரைப் பார்த்துத்தான் பிராப்பர்ட்டி பெயரை ஊகிக்கின்றன. பிரைவேட் ஃபீல்டின் பெயரை, அனோட்டேஷன் எதுவும் இல்லாவிட்டால், அவை பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை.

அதிகம் பேரை வதைப்பது பூலியன்தான். ஃபீல்டுக்கு ‘இஸ்ஆக்டிவ்’ என்று பெயர் வைக்கிறீர்கள். ஐ.டி.இ. தருவது ‘இஸ்ஆக்டிவ்()’ என்ற கெட்டரும் ‘செட்ஆக்டிவ்()’ என்ற செட்டரும். ஜாக்சன் பார்வையில் பிராப்பர்ட்டியின் பெயர் வெறும் ‘ஆக்டிவ்’. முன்பக்கத்திலிருந்து ‘இஸ்ஆக்டிவ்: ட்ரூ’ என்று வந்தால் அதற்கு அடையாளம் தெரியாது. வெறும் ஜாக்சன் 2 என்றால் தெரியாத பிராப்பர்ட்டி என்று சத்தம் போடும். ஸ்பிரிங் பூட் அந்தச் சோதனையை இயல்பாகவே அணைத்துவைத்திருப்பதால் சத்தமே வராது. மதிப்பு ஃபால்ஸாகவே கிடக்கும்.

திருத்தப் போகிறவர்கள் உடனே ஃபீல்டின் மேல் ‘ஜேசன்பிராப்பர்ட்டி’ அனோட்டேஷனை வைப்பார்கள். இப்போது வெளியே போகும் ஜேசனில் ‘இஸ்ஆக்டிவ்’, ‘ஆக்டிவ்’ இரண்டும் இருக்கும். ஃபீல்டு ஒரு பிராப்பர்ட்டி, கெட்டர் இன்னொரு பிராப்பர்ட்டி என்று ஜாக்சன் எடுத்துக்கொள்கிறது. அனோட்டேஷன் கெட்டரின் மேல் இருக்க வேண்டும். அதைவிட, ஃபீல்டுக்கே ‘ஆக்டிவ்’ என்று பெயர் வைத்துவிட்டால் தொல்லையே இல்லை. ‘இஸ்’ என்ற முன்னொட்டைக் கெட்டருக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, முதல் எழுத்து சின்னதும் இரண்டாவது பெரியதுமான பெயர்கள். சின்ன இ, பெரிய எம் போட்டு எழுதிய ‘இமெயில்’ ஃபீல்டுக்கு ஐ.டி.இ. தரும் கெட்டரில் ‘கெட்’டுக்குப் பின் அந்த இ சின்னதாகவே இருக்கும். கெட்டர், செட்டரைத் தானே உருவாக்கும் லோம்பொக் லைப்ரரி அதைப் பெரிதாக்கிவிடும். அந்தப் பெயரைப் பார்க்கிற ஜாக்சன், தொடக்கத்தில் வரிசையாக நிற்கும் பெரிய எழுத்துகளை எல்லாம் சின்னதாக்கும்; எம் உட்பட. ஐ.டி.இ. எழுதிய கெட்டர்களை நீக்கி லோம்பொக்குக்கு மாறிய அன்றைக்கு, ஒரு வரி லாஜிக்கும் மாறாமலேயே ஏ.பி.ஐ.யின் ஜேசன் மாறிப்போகும். லோம்பொக்கின் அமைப்பில் பெரிய எழுத்து விதியை ‘பீன்ஸ்பெக்’ என்று வைக்கலாம். இப்படிப் பெயரே வைக்காமல் இருப்பது இன்னும் மலிவு.

செட்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்க ‘திஸ்’ஸைத் திருப்பி அனுப்புவது அழகாக இருக்கும். ஆனால் கெட்டர், செட்டரைத் தேடிக் கண்டறியும் ஜாவாவின் சொந்த இன்ட்ரோஸ்பெக்டர், வாய்டு திருப்புவதை மட்டுமே செட்டராக ஏற்கும். அதை நம்பியிருக்கும் லைப்ரரிக்கு உங்கள் செட்டர்கள் இல்லாதவைதான்.

எல்லாவற்றுக்கும் கெட்டர் வேண்டுமா?

பயனர் கிளாஸில் பாஸ்வேர்டு ஹாஷுக்கு ஒரு கெட்டர் உருவாகிவிட்டால், அந்த ஆப்ஜெக்டை நேரடியாக ஜேசனாக்கும் முதல் ஏ.பி.ஐ.யிலேயே ஹாஷ் வெளியே போகும். பாராமீட்டர் இல்லாத, ‘கெட்’டில் தொடங்கும் எந்தப் பப்ளிக் மெத்தடையும் ஜாக்சன் அழைக்கும். டேட்டாபேஸைத் தொடுகிற, நெட்வொர்க்கில் போய் வருகிற மெத்தடுக்கு அந்தப் பெயர் கூடாது என்பதும் இதனால்தான். ‘ஃபெட்ச்’, ‘கால்குலேட்’ என்று வையுங்கள். ஃபீல்டு பெரிய ‘இன்டிஜர்’, கெட்டர் சின்ன ‘இன்ட்’ என்று எழுதுவதும் வேண்டாம்: ஃபீல்டில் ‘நல்’ இருக்கும் நாளில் கெட்டரே வெடிக்கும்.

வேகத்துக்காக ஃபீல்டைப் பப்ளிக் ஆக்குகிறேன் என்பது செல்லாது. எளிய கெட்டர் 5 பைட் பைட்கோடு; ஜாவாவை ஓட்டும் ஹாட்ஸ்பாட் இயல்பாக 35 பைட் வரையிலான மெத்தடுகளை அழைக்கும் இடத்திலேயே விரித்துவிடும்.

லோம்பொக்கின் ‘டேட்டா’ அனோட்டேஷனை என்டிட்டி (டேட்டாபேஸ் அட்டவணைக்கு இணையான) கிளாஸில் வைப்பதுதான் இன்றைக்கு ‘எல்லாவற்றையும் டிக் செய்’ என்பதன் புது வடிவம். கெட்டர், செட்டரோடு ஈக்வல்ஸ், ஹாஷ்கோடு, டூஸ்ட்ரிங் மூன்றும் எல்லா ஃபீல்டையும் வைத்து வந்துவிடும். ஆர்டர் பொருளைக் காட்ட, பொருள் ஆர்டரைக் காட்ட, ஒரு லாக் வரியில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. ஹாஷ்செட்டில் போட்ட ஆப்ஜெக்டின் ஒரு ஃபீல்டைச் செட்டரால் மாற்றினால் ஹாஷ்கோடு மாறி, செட்டுக்குள் இருந்துகொண்டே ‘இல்லை’ என்று பதில் வரும். என்டிட்டிக்குக் ‘கெட்டர்’ அனோட்டேஷன் மட்டும் கிளாஸ் மேல், ‘செட்டர்’ தேவையான ஃபீல்டின் மேல் என்று தனித்தனியாக வைத்தால் போதும்.

மாறவே தேவையில்லாத தரவுக்கு, ஜாவா 16-இல் நிலைபெற்ற ரெக்கார்டு இருக்கிறது. செட்டரே கிடையாது, படிக்கும் மெத்தடின் பெயர் ‘கெட்நேம்()’ அல்ல, வெறும் ‘நேம்()’. ஆகவே பழைய ஜாவாபீன்ஸ் விதியை மட்டும் அறிந்த லைப்ரரிக்கு அது காலி ஆப்ஜெக்டாகத் தெரியும். ரெக்கார்டுக்குள் லிஸ்ட் இருந்தால் மேலே சொன்ன ஓட்டை அங்கேயும் அப்படியே உண்டு; அதன் கன்ஸ்ட்ரக்டரில் ‘ஐட்டம்ஸ் = லிஸ்ட்.காப்பிஆஃப்(ஐட்டம்ஸ்)’ என்ற ஒரு வரியை நீங்களேதான் எழுத வேண்டும்.